அம்மா கை தூக்கிய சீட்டு

பத்து வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இடையில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பது. சம்பளம் கிடையாது, ஆனால் மரியாதை உண்டு. பெரியவர்கள் பேச உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகளை “போய் வெளியில விளையாடுங்க” என்று விரட்டுவார்கள். என்னை விரட்ட முடியாது. நான் போய்விட்டால் பேச்சே நின்றுவிடும்.

அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காத, யாரும் மீறாத வழக்கம். கல்யாணத்தன்று அம்மா அவர் முன்னால் தலை குனிந்து நின்றாளாம், அவரும் ஆசீர்வாதம் செய்துவிட்டு நகர்ந்துவிட்டாராம். அன்று தொடங்காத பேச்சை அப்புறம் எந்த நாளில் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியாமலே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்குப் பேச்சு வரும்வரை அந்தத் தூது வேலையை அப்பா பார்த்தார். எனக்கு நாக்குத் திருந்தியதும் விட்டது தொல்லை என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

பெரியப்பா உலு திராமில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர். அதற்கு முன் எங்கள் மாசாய்ப் பக்கத்துப் பள்ளியில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் ஃபிளாட்டுக்கு வருவார். நான்கு மாடியும் ஏறி வந்து, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் அமர்ந்து, ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அம்மா சமையலறை வாசலில் வந்து நிற்பாள். இடையில் பத்தடி இருந்தால் அதிகம்.

“பெரியப்பாவுக்குச் சீனி போதுமான்னு கேளு.”

“போதும்னு சொல்லு.”

நான் அம்மா பக்கம் திரும்பி, “போதுமாம்” என்பேன்.

இருவர் காதிலும் எல்லாம் விழும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் அது சொன்னதாக ஆகும். இதில் மாற்றிச் சொல்லவும் வழியில்லை. “பிள்ளைக்கு இன்னும் வாய்ப்பாடு வரலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்று ஒருநாள் பெரியப்பா சொன்னபோது, என் வாயாலேயே என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அம்மா வாயில்லாப் பூச்சி என்றும் நினைத்துவிடக் கூடாது. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் லைன் லீடர். நாற்பது பேர் அவளுக்குக் கீழே. அவள் குரல் கேட்டால் பெல்ட்கூடக் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று அப்பா சொல்வார். அப்பா தினமும் விடியலில் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். வீட்டில் யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளத் தெம்பில்லாதவர், மனமும் இல்லாதவர்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்து மக்கள் ஓட்டுப் போடுவது பக்கத்து மலாய்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே ஐந்து அறைகள், ஐந்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையையும் சாலுரான் என்பார்கள். முதல் சாலுரானில் வயதானவர்கள், ஐந்தாவதில் இளசுகள். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு முகவர் உட்கார்ந்து பார்க்கலாம். காலையிலிருந்து ஓட்டுப் போடுவதைப் பார்க்க ஆள் மாற்றி ஆள், மாலையில் எண்ணுவதைப் பார்க்க ஓர் ஆள். எண்ணி முடித்ததும் அந்த அறையின் முடிவை எழுதிய பாரம் பதினாலு என்ற படிவத்தின் பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

முந்திய தேர்தலில் நாங்கள் ஆதரித்த கட்சியின் முகவர்கள் ரொட்டி சானாய் சாப்பிடப் போனவர்கள் போனவர்கள்தான். பிற்பகலில் ஐந்து நாற்காலிகளில் மூன்று காலி. எண்ணும்போது ஐந்தும் காலி. தோற்ற பிறகு, என்னமோ நடந்துவிட்டது, எவனோ ஏமாற்றிவிட்டான் என்று அந்த வருஷம் முழுக்கக் காப்பிக்கடையில் பேசினார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “நாற்காலி காலியா இருந்துச்சு, யாரக் குத்தம் சொல்றது?” என்பாள். இந்தமுறை தேர்தல் வேலைக்கு ஆள் தேடி வந்தவர்களிடம் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்: “அந்தப் பள்ளிக்கூடத்த என்கிட்ட விடுங்க. அஞ்சு பாரத்தையும் கொண்டாந்து குடுக்குறேன்.”

வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு ஒரு நேரத்துக்கு வெந்தது, குழம்பு ஒரு நேரத்துக்கு வெந்தது. தொழிற்சாலை விட்டு வந்ததும் கைப்பையை மாட்டிய தோளோடு அம்மா மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டுவாள். பத்து நாளில் இருபத்தைந்து பேர் சேர்ந்தார்கள். லைனில் கூட வேலை செய்கிறவர்கள், எதிர் பிளாக் அக்கா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் மாமா ஒருவர், இரண்டு மலாய்க்காரப் பெண்கள், சலவைக்கடைச் சீனர் ஒருவர். ஃபிளாட்டின் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் மூன்று ஞாயிறு பயிற்சி.

தேர்தல் முகவர்களை எப்படிப் பழக்குவது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த விதத்தில் பழக்கினாள். தொழிற்சாலையில் பழுதான பொருள் ஒன்று அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டால், அதை விட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தவுடன் கை தூக்கி லைனை நிறுத்த வேண்டும்.

“ஓட்டுச் சீட்டும் அப்படித்தான்” என்றாள். “பெரிய அதிகாரி ஒவ்வொரு சீட்டா தூக்கிக் காட்டுவாரு. தப்பா ஒதுக்குறாருன்னு தோணுனா, சீட்டு அவர் கையில இருக்கும்போதே நீங்க கை தூக்கணும். கீழ வச்சப்புறம் ஐயோன்னா வேலைக்காகாது. நகர்ந்துட்டா போச்சு.”

கை தூக்கினால் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவும் மலாயில்: “துவான், சாயா பந்தாஹ்.” ஐயா, நான் ஆட்சேபிக்கிறேன். இந்தச் சின்ன வாக்கியம்தான் பயிற்சியில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் ஆட்களுக்குக் காப்பிக்கடையில் மந்திரியையே கிழிக்க வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் உட்கார்ந்துவிட்டால் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். அம்மா விடவில்லை. முதலில் சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்து. கடைசியில் அப்பாவை அதிகாரியாக்கி மேஜை போட்டு உட்கார வைத்தாள்.

அப்பாவை எதிர்க்க யாருக்கும் பயிற்சியே தேவைப்படவில்லை. அவர் சீட்டைத் தூக்குவதற்கு முன்பே இருபத்தைந்து கைகள் எழும்பின. “சாயா பந்தாஹ்!” என்று கூடம் அதிர்ந்தது. அப்பா மூக்கைச் சொறிந்ததற்குக்கூட ஒருவர் ஆட்சேபித்தார். பக்கத்துத் தொழுகைக்கூடமான சுராவிலிருந்து ஒரு பெரியவர் என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சீட்டுகளை அம்மாதான் என் வண்ணப் பென்சில்களால் வரைந்து வைத்திருந்தாள். பெருக்கல் குறி போட்டது, ஒற்றைக் கோடு கிழித்தது, வட்டம் போட்டது, சரி குறி போட்டது. சட்டப்படி போட வேண்டியது பெருக்கல் குறி. பஸ் டிரைவர் மாமா சரி குறி போட்ட சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துல பெருக்கல் போட்டா தப்பு. இங்க அதுதான் சரியா? எங்க ஆத்தா கண்டிப்பா டிக்குதான் போடும். அப்ப அது ரோசாக்கா?” ரோசாக் என்றால் கெட்டுப்போனது, செல்லாத ஓட்டு.

“இல்ல மாமா. யாருக்குப் போட்டாங்கன்னு தெளிவாத் தெரிஞ்சா செல்லும். கையேட்டுல இருக்கு. அத ரோசாக்குன்னு ஒதுக்குனா நீங்க விடக்கூடாது.”

எதிர் பிளாக் அக்கா குறும்பாகக் கேட்டாள்: “அந்தப் பக்கத்து ஓட்டா இருந்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். “அதுக்கு அவங்க ஆளு உக்காந்திருப்பான்லா. நம்ம வேலைய நாம பாப்போம்.”

கடைசி ஞாயிறு காலையில் பெரியப்பா வந்தார். தண்ணீர் குடித்தார், செருமினார்.

“உங்கம்மாகிட்ட சொல்லு. எனக்கு டூட்டி வந்திருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துலதான், முதல் சாலுரான், தலைமை அதிகாரி. அன்னைக்கு எனக்குத் தம்பியும் கிடையாது, தம்பி பொண்டாட்டியும் கிடையாது.”

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். “அன்னைக்கு உங்க யாரையும் தெரியாதாம்மா.”

“சரின்னு சொல்லு” என்றாள் அம்மா. அதற்கு அப்புறம் உள்ளே ஒரு தட்டு கீழே விழுந்தது.

செய்தி அன்று மாலையே நான்கு பிளாக்குக்கும் பரவிவிட்டது. முதல் சாலுரானில் எண்ணிக்கை பார்க்க இருந்தவர் பஸ் டிரைவர் மாமா. அவர் பிள்ளைகள் மூவரும் பெரியப்பாவிடம் படித்தவர்கள். படியேறி வந்து வாசலிலேயே நின்றார். “சார் முன்னாடி நான் உக்காருறதே பெருசும்மா. கைய எப்படித் தூக்குறது?” என்றார். அவருக்குப் பதிலாக உட்காரச் சொன்னதற்கு, லைனில் வேலை செய்யும் அண்ணன் தலையைச் சொறிந்தார். “எனக்கு இப்பவும் அவரு கனவுல வந்து எழுந்து நில்லுங்குறாரு, அக்கா. நானும் தூக்கத்துல எழுந்து நிக்கிறேன். என் வொய்ஃபக் கேளுங்க.” மூன்றாவது ஆளுக்குத் திடீரென்று ஷிஃப்ட் மாறிவிட்டது. மற்ற நான்கு அறைகளுக்கும் பெயர்களை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, கடைசி நேரத்தில் கலைக்க முடியாது.

அம்மா படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துத் தன் பெயரை எழுதினாள்.

“நல்லா யோசிச்சியா?” என்றார் அப்பா. “அண்ணன் முன்னால…”

“நாற்காலி காலியா இருக்கக்கூடாது” என்றாள் அம்மா.

அன்று ராத்திரி என்னைப் பெரியப்பாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கால்மேல் கால் போட்டேன். தொண்டையைச் செருமினேன். சரி குறி போட்ட சீட்டைத் தூக்கிக் காட்டி, அவரைப் போலவே முகவாயைத் தூக்கிப் பார்த்து, “ரோசாக்” என்றேன்.

அம்மா கை தூக்கினாள். வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி செருமினேன். மறுபடி “ரோசாக்” என்றேன்.

“பெரியப்பாகிட்ட சொல்லு” என்று ஆரம்பித்தாள் அம்மா, “இந்தச் சீட்டு…”

சோபாவில் படுத்திருந்த அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. இன்னும் நான்கு தடவை செய்து பார்த்தாள். நான்கு தடவையும் கை மேலே போனது, குரல் உள்ளேயே நின்றுவிட்டது. கடைசியில் சீட்டுகளை அடுக்கி ரப்பர் போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்கான சட்டையைத் தேய்க்கப் போய்விட்டாள். ஏற்கனவே தேய்த்த சட்டை அது.

ஓட்டு நாள் சனிக்கிழமை. அம்மா நாலரை மணிக்கே எழுந்துவிட்டாள். அப்பாவின் வேலை நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை வாங்கிக் கொண்டுவந்து முகவர்களுக்குக் கொடுப்பது. என் வேலை அப்பாவோடு இருப்பது. பள்ளி வாசலுக்குத் தள்ளி அம்மா ஒரு நாற்காலி போட்டு, மடியில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து பேர் உள்ளே போவார்கள், ஐந்து பேர் வெளியே வருவார்கள். உள்ளே போகிறவரின் முகத்தைப் பார்க்காமல், வெளியே வரவேண்டியவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது அவள் சட்டம். எதிர் பிளாக் அக்காவுக்கு நடுவில் அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. மாற்று ஆளாக அம்மா சலவைக்கடைச் சீனரை ஓட வைத்தாள். அவர் வாயில் பாதி முட்டையோடு ஓடினார். வெயிலில் வரிசை நெளிந்தது, மை பூசிய விரலைக் காட்டிக்கொண்டு மக்கள் வந்தார்கள், போனார்கள். அன்று முழுதும் ஐந்து நாற்காலிகளில் ஒன்றுகூட ஒரு நிமிஷம் காலியாக இல்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எல்லோரும் கேட்கும்படி “எங்கம்மாதான்” என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவைத்தேன்.

மாலை வாசல் சாத்தும் நேரம், எண்ணிக்கை முகவர்கள் ஐவரும் உள்ளே போனார்கள். அம்மா முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முகவர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டாள். போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் பெரியப்பா இருக்கும் அறைக்கு அவள் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் இல்லாமல் எப்படிச் சமாளிப்பாள் என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னாளில் மூன்று பேர் வாயால் கேட்டது: அம்மா, பெரியப்பா, அப்புறம் எங்களை எதிர்த்து நின்ற கட்சியின் முகவராக வந்திருந்த ஒரு வாலிபர். மூவரும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போகிறார்கள், குரலின் அளவைத் தவிர.

அந்த வாலிபரும் பெரியப்பாவின் பழைய மாணவர். அறைக்குள் நுழைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு “வணக்கம் சார்” என்று நின்றவர், உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. அம்மா தனக்குரிய நாற்காலியில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா சொன்ன சொல் தவறவில்லை. முகவர்களின் பெயரை வரிசையாகப் படித்தபோது, அம்மா பெயரையும் யாரோ ஒரு வழிப்போக்கரின் பெயரைப் போலப் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பெட்டியைத் திறந்தார்கள். பெரியப்பா ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி, யாருக்கு என்று சொல்லி, அந்தந்த அடுக்கில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சரி குறி போட்ட சீட்டு ஒன்று வந்தது. எங்கள் வேட்பாளருக்கு விழுந்தது. தெளிவாக, நல்ல அழுத்தமாகப் போட்ட சரி குறி. பெரியப்பா அதை ஒரு கணம் பார்த்தார். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதியவனுக்கு மதிப்பெண் கிடையாது என்பது அவருடைய முப்பது வருஷக் கொள்கை.

“ரோசாக்” என்றார்.

அம்மாவின் கை மேஜை விளிம்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. சீட்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

“செத்துப் போயிட்டேன்” என்பாள் அம்மா, இந்த இடத்தைச் சொல்லும்போது. “மூணு வாரம் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். என் கண்ணு முன்னாடி நகர்ந்துச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பத்துப் பதினைந்து சீட்டுகள் கழித்து இன்னொன்று வந்தது. அதுவும் சரி குறி. இந்தமுறை எதிர்க்கட்சி வேட்பாளருக்கு. அம்மா அந்த வாலிபரைப் பார்த்தாள். அவருக்குக் காது இரண்டும் சிவந்து போயிருந்தது. அது தன் ஓட்டு என்று அவருக்குத் தெரியும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் நிற்பது போல, உட்கார்ந்தபடியே தலை குனிந்திருந்தார். பெரியப்பா “ரோசாக்” என்றார். சீட்டு அவர் கையிலிருந்து ஓரத்துக்கு நகரத் தொடங்கியது.

அம்மா எழுந்து நின்றாள். கை தூக்கினாள்.

“துவான். சாயா பந்தாஹ்.”

அந்தக் குரல் அடுத்த அறைவரை கேட்டது என்கிறார் வாலிபர். மெதுவாகத்தான் சொன்னேன் என்கிறாள் அம்மா. தேவையான அளவு இருந்தது என்கிறார் பெரியப்பா.

பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அம்மா அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“காரணம்?” என்று மலாயில் கேட்டார்.

“யாருக்குப் போட்டாங்கன்னு தெளிவாத் தெரியுது, துவான். கையேட்டுல இருக்கு” என்று அம்மாவும் மலாயிலேயே சொன்னாள்.

“இது உங்கள் வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு இல்லை, புவான்.” புவான் என்றால் அம்மணி.

“தெரியும், துவான்.”

பெரியப்பா சீட்டை மேஜை நடுவில் வைத்தார். கையேட்டைப் பிரித்தார். தலைமையாசிரியர் அல்லவா, சம்பந்தப்பட்ட வரியை மட்டும் படித்துவிட்டு விடமாட்டார். அந்தப் பக்கம் முழுவதையும் படித்தார், அடுத்த பக்கத்தையும் படித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா உட்காரவில்லை. பிறகு பெரியப்பா புத்தகத்தை மூடி, அந்தச் சீட்டை எதிர்க்கட்சி அடுக்கில் வைத்தார். ஓரத்தில் கிடந்த முதல் சீட்டையும் யாரும் கேட்காமலே எடுத்து, எல்லோருக்கும் காட்டிவிட்டு, எங்கள் அடுக்கில் வைத்தார். அதற்கப்புறம் வந்த சரி குறிகள் எல்லாம் செல்லுபடியாயின. முதல் சாலுரான் பெரியவர்கள் நிறையப் பேர் சரி குறிதான் போட்டிருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் எதிர்க்கட்சிக்கு.

இருட்டத் தொடங்கியபோது அம்மா வெளியே வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாரம் பதினாலு. மற்ற நான்கு அறைகளின் பாரங்களும் ஏற்கனவே வந்துவிட்டிருந்தன. அதற்குள் சங்கதியும் வெளியே வந்துவிட்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தேர்தல் பொறுப்பாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னக்கா இது? அவங்க ஓட்டுக்கு நீங்க ஏன் கை தூக்குனீங்க? அவங்க வேலைய அவங்க ஆளு பாப்பான்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“அந்த ஆளு பாக்கல” என்றாள் அம்மா.

“அதுக்கு?”

அம்மா ஐந்து பாரங்களையும் அவர் கையில் வைத்தாள். “அஞ்சு சாலுரான், அஞ்சு பாரம். சரி பாத்துக்குங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையில் “எங்கம்மாதான்” என்று பெருமையடித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூட நான் போயிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது என்று தோன்றியது.

அப்போது பெரியப்பா போலீஸ்காரரோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வேலை வந்துவிட்டது என்று நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

“நாள் முழுக்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்மா.”

“சரிங்க” என்றாள் அம்மா.

வண்டி கிளம்பிவிட்டது. “சரியாம்” என்று அதன் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்.

எங்கள் வேட்பாளர் தோற்றார். தோற்ற வித்தியாசத்துக்கு முன்னால் அந்தச் சரி குறிகள் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் வாய்ப்பாடு வராத எனக்கு அந்தக் கணக்கு எப்படி வரும்? அம்மா எழுந்து நின்றதால்தான் தோற்றோம் என்று நான் உறுதியாக நம்பினேன். இரண்டு நாள் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவளோ ஒன்றும் நடக்காதது போல வேலைக்குப் போய் வந்தாள். பஸ் டிரைவர் மாமா வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது, “அடுத்த தடவ நீங்கதான் மாமா அந்த நாற்காலியில” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார், செருமினார். நான் என் இடத்தில் தயாராக நின்றேன். அம்மா காப்பியை என்னிடம் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவர் முன்னால் வைத்தாள்.

“சீனி போதுமா?”

அவர் ஒரு வாய் குடித்தார். “போதும்மா.”

“போதுமாம்” என்றேன் நான். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் பெரியப்பா, அம்மாவைப் பார்த்து. “மொத சீட்டு உங்களோடது. அதுக்கு நீ ஏன் சும்மா இருந்த?”

அம்மா காப்பி கொண்டுவந்த தட்டைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்: “உங்ககிட்ட எனக்குன்னு ஒண்ணு கேக்க வாய் வரல, மாமா. அந்தப் பையனுக்குன்னதும் வந்துருச்சு.”

பெரியப்பா காப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

“அவன எழுந்து நிக்கப் பழக்குனது நான்தான்” என்றார். “கை தூக்க நான் பழக்கல.”

இதெல்லாம் என் முன்னால்தான் நடந்தது, ஒரு சொல்கூட என் காதிலிருந்து தப்பவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: என் உத்தியோகம் போய்விட்டது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்கள். சரி குறியைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, என் வாய்ப்பாட்டைப் பற்றியும்கூட. “நீ போய் வெளியில விளையாடு” என்று அம்மா என்னிடம் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அன்று மிச்சப் பொழுது முழுவதும் அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மாலையில் பசி வந்தபோது அப்பாவிடம் போனேன்.

“எனக்குப் பசிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.”

பழைய வேலைக்காரர் அல்லவா, அப்பா சிரிக்காமல் சமையலறைப் பக்கம் திரும்பினார். “பசிக்குதாம்.”

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் பத்தடி இருந்தால் அதிகம்.

“வாயிருக்கிறவங்க நேராக் கேக்கலாம்னு அவகிட்ட சொல்லுங்க” என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பி அதையும் அப்படியே சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே அது என் காதில் விழுந்துவிட்டது. என்னைத் திட்டுகிறாள் என்றுதான் நினைத்து இன்னும் உர்ரென்று நின்றேன். அதை அவள் தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.